ஒரு ரப்லெற்றும் ஐரியல் புரோவும் போதுமா? ஜாஸ் பழகிறவைக்கு

கேள்வி, 07.06.2025

யாழ்ப்பாணத்தில நாலு பேர் சேர்ந்து பழகிறம். ரெனர் சக்ஸபோன் நான். மற்றது ஒரு அல்ரோ, கீபோட், பேஸ் கிற்றார். ட்றம்ஸ் இல்லை. இவ்வளவு நாளும் ரியல் புக் எண்ட ஜாஸ் பாட்டுப் புத்தகத்தின்ர போட்டோக்கொப்பிதான். இப்ப 10 அங்குல ரப்லெற் ஒண்டு வாங்கி ஐரியல் புரோ போட்டிருக்கிறம் (கோட்ஸை, அதாவது சேர்ந்தொலிக்கிற சுரக்கூட்டங்களை, திரையில காட்டிப் பியானோ, பேஸ், ட்றம்ஸ் பின்னணியும் வாசிக்கிற செயலி). இனிப் புத்தகமும் தேவையில்லை, ட்றம்ஸ்காரரும் தேவையில்லை எண்டுதான் நான் சொல்லுறன். ரெண்டு சிக்கல் மட்டும் தீரேல்லை. ரெனர் பீ பிளாற் வாத்தியம் (எழுத்தில சீ ஊதினால் பீ பிளாற் கேக்கும்) எண்டதால பாட்டை ஒரு ரோன் ஏத்தி வைச்சன். பிறகும் செயலியோட சேர்ந்து வாசிச்சால் ஒரு ரோன் கீழதான் நிக்கிறன். அடுத்தது, சேர்ச் ஹோல் மிக்சரில ரப்லெற்றைக் குத்தினால் பேஸும் ட்றம்ஸும் காணாமல் போகுது. பியானோ மட்டும் தகரப் பேணிக்குள்ள இருந்து வாற மாதிரிக் கேட்குது. ஏன்?

07.06.2025, இரவு

தம்பி, நீங்கள் மாத்தினது பாட்டின்ர சுருதியை. மாத்த வேண்டியது கண்ணுக்குத் தெரியிற எழுத்தை மட்டும்தான். ரெண்டுக்கும் செயலியில வேற வேற இடம். பாட்டைத் திறந்து கீயை மாத்தினால் எழுத்தும் மாறும், செயலி வாசிக்கிற சத்தமும் மாறும். பாட்டு சீ எண்டு வைப்பம். நீங்கள் அதை டீ ஆக்கினியள். செயலி உண்மையான டீயில வாசிக்குது. நீங்கள் டீ எண்டு பார்த்து ரெனரில டீ விரல் பிடிக்க, வாறது சீ. அந்த ஒரு ரோன் அதுதான்.

பாட்டைப் பழையபடி விடுங்கோ. செற்றிங்ஸில எல்லாப் பாட்டுக்கும் பொதுவான ட்றான்ஸ்போஸ் (சுருதி மாத்தி எழுதிக் காட்டுறது) ஒண்டு இருக்கு, அதில பீ பிளாற் தெரிவு செய்யுங்கோ. எழுத்து டீ எண்டு காட்டும், சத்தம் சீயிலயே நிக்கும். அல்ரோக்காரர் தன்ர போனில ஈ பிளாற் வைக்கட்டும். கீபோட்டும் பேஸும் சீ.

இதிலதான் ஒரு ரப்லெற்றை நாலு பேர் பார்க்கிற திட்டம் உடையுது. ஒரு திரையில ஒரு எழுத்துத்தான் தெரியும். பீ பிளாற் மேஜரில ஒரு சாதாரண இரண்டு-ஐந்து-ஒண்டு (ஜாஸில அடிக்கடி வாற மூண்டு கோட் வரிசை) எடுங்கோ. கீபோட்டுக்கு சீ மைனர் 7, எவ் 7, பீ பிளாற் மேஜர் 7. அதே இடத்தில ரெனருக்கு டீ மைனர் 7, ஜீ 7, சீ மேஜர் 7. அல்ரோவுக்கு ஏ மைனர் 7, டீ 7, ஜீ மேஜர் 7. மூண்டு பேருக்கும் மூண்டு தாள் வேணும்.

மிக்சர் சிக்கலுக்கு வயர் படம் இல்லாமல் சொல்ல ஏலாது. அந்தக் குத்தியில எத்தனை கறுப்பு வளையம் எண்டு எண்ணிச் சொல்லுங்கோ.

08.06.2025

ரெண்டு வளையம் எண்டால் காரணம் அதுதான். ரெண்டு வளையக் குத்தியில மூண்டு தொடுகை இருக்கும். ரப்லெற் பக்கம் அது இடது, வலது, பூமி. மிக்சரின்ர மைக் அல்லது லைன் ஓட்டையில அதே மூண்டு தொடுகைக்கு வேற அர்த்தம்: ஒரே சத்தத்தின்ர நேர், தலைகீழ், பூமி. மிக்சர் முதலாவதில இருந்து ரெண்டாவதைக் கழிக்கும். மைக் வயரில ஏறுற இரைச்சல் அப்பிடித்தான் அழியுது. நீங்கள் ஸ்ரீரியோவைக் குடுத்தால் இடதில இருந்து வலதைக் கழிக்குது. ரெண்டு பக்கமும் சமமாய் இருக்கிற பேஸும் ட்றம்ஸும் கழிபட்டுப் பூச்சியம். ஒரு பக்கம் ஒதுங்கி நிக்கிற பியானோவும் எதிரொலியும் மட்டும் மிச்சம். தகரச் சத்தம் எண்டு நீங்கள் சொன்னது அந்த மிச்சம்தான்.

வாங்க வேண்டியது: ஒரு பக்கம் 3.5 மில்லிமீற்றர் ஸ்ரீரியோ, மற்றப் பக்கம் ரெண்டு 6.35 மில்லிமீற்றர் மொனோக் குத்தி உள்ள இரட்டைவால் வயர். ரெண்டு வாலையும் ரெண்டு சனலில குத்தி, ஒண்டின்ர “பான்” குமிழை (சத்தத்தை இடது வலதுக்குத் தள்ளிறது) முழு இடதுக்கும் மற்றதின்ரதை முழு வலதுக்கும் திருப்புங்கோ. கிற்றார் அம்பிளிபயர் ஓட்டைக்கு ஸ்ரீரியோக் குத்தியை நேரே செருகிறதும் பிழை, வலது பக்கம் பூமியோட முட்டுப்படும் அல்லது இல்லாமலே போகும்.

லப்ரொப்பை மிக்சரோட இணைச்சு ம்ம்ம் எண்டு இரைஞ்சால் சார்ஜரைக் கழட்டிப் பாருங்கோ. இரைச்சல் நிண்டால் அது ஏர்த் சுற்று, பூமிப் பிரிப்புச் சுவிச் உள்ள டீஐ பெட்டி (லப்ரொப்புக்கும் மிக்சருக்கும் இடையில வைக்கிற சின்னப் பெட்டி) தீர்வு. சார்ஜரின்ர ஏர்த் காலை மட்டும் ஒருக்காலும் வெட்டாதேங்கோ. 230 வோல்ற் சக்ஸபோன் உடம்பு வழியாய்ப் போக இடம் குடுக்கக் கூடாது.

11.06.2025

“புத்தகம் தேவையில்லை” எண்டதுக்கு வாறன். ஐரியல் புரோவில கோட்ஸ் மட்டும்தான் இருக்கு, மெட்டு இல்லை. சோம்பலால விட்டதில்லை அது. மெட்டுக்குப் பதிப்புரிமை இருக்கு, வெறும் கோட் வரிசையைப் பொதுவாய் உரிமை கட்டுப்படுத்திறதில்லை. அதாலதான் 1400-க்கும் மேற்பட்ட ஜாஸ் பாட்டின்ர கோட்ஸ் பட்டியலை ஒரே தடவையில செயலிக்குள்ள இறக்க முடியுது. புதிசாய்ப் போட்டவுடன தெரிஞ்ச பாட்டு ஒண்டும் பட்டியலில இல்லாததைப் பார்த்துப் பழுது எண்டு நினைக்கிறவை கனக்கப் பேர். பட்டியல் இணைப்பைப் போனில தொட்டால் செயலி தானே திறந்து உள்ளுக்கு எடுக்கும்.

மெட்டுக்குப் பதிவைக் கேக்க வேணும், அல்லது புத்தகம் வேணும். ரெண்டும் இருந்தால் பதிவு முதல், புத்தகம் சரிபார்க்க. கோட்ஸைப் பார்த்துச் சோலோ வாசிக்கத் தொடங்கின பிறகு மெட்டைப் படிக்க மனம் வராது. மெட்டு மனசுக்குள்ள இல்லாட்டி 32 பார் (பார் எண்டது நாலு அடிக் கட்டம்) வடிவத்தில எங்க நிக்கிறம் எண்டு தெரியாமல் தொலைஞ்சுபோவியள்.

ரியல் புக் பற்றி ஒரு எச்சரிக்கை. அது 1970-களின் நடுவில பொஸ்ரன் பேர்க்லி கல்லூரி மாணவர்கள் உரிமை எடுக்காமல் தயாரிச்ச புத்தகம். 2004-இல ஹால் லெனர்ட் பதிப்பகம் சட்டப்படி ஆறாம் பதிப்பாய் வெளியிட்டது. அதில சில பாட்டு விடுபட்டுது, சில கோட்ஸ் திருத்துப்பட்டுது, பக்கம் மாறிச்சுது. ஒருவர் பழைய போட்டோக்கொப்பி, ஒருவர் புதுப் பதிப்பு, ஒருவர் ஐரியல் எண்டு வந்தால் 15ஆவது பாரில மூண்டு கோட் கேக்கும். சுருதியும் பிசகும். “ஓட்டம் லீவ்ஸ்” (Autumn Leaves) எண்ட பாட்டு ரியல் புக்கில ஈ மைனர். பாண்டுகள் பெரும்பாலும் வாசிக்கிறது ஜீ மைனர். “புத்தகத்தில உள்ளபடி” எண்டு சொல்லிட்டுத் தொடங்கினால் முதல் பாரிலேயே முட்டும்.

11.06.2025, சற்றுப் பின்

ஜீ மைனர் எண்டால் எங்கட கணக்கில 5 கட்டை மைனர். சீ 1 கட்டை, டீ 2, ஈ 3, எவ் 4, ஜீ 5, ஏ 6, பீ 7. அரைகள் இடையில. பீ பிளாற் 6½. பாடுறவர் “எனக்கு 5½” எண்டால் ஏ பிளாற். செயலியில பாட்டின்ர கீயை ஏ பிளாற் ஆக்குங்கோ (இந்த முறை பாட்டின்ர கீதான், பொது ட்றான்ஸ்போஸ் இல்லை). ரெனர் திரையில பீ பிளாற் தானே வரும், அல்ரோவில எவ்.

15.06.2025

புளூடூத். ஸ்பீக்கருக்குச் சத்தம் போய்ச் சேரப் பொதுவாய் 150 தொடக்கம் 250 மில்லி செக்கன் சுணங்கும். 120 ரெம்போவில ஒரு அடி 500 மில்லி செக்கன், அதின்ர மூண்டில ஒரு பங்கு 167. சுவிங்கின்ர (நீளம், குறுக்கம் எண்டு மாறி வாற ஜாஸ் நடை) கடைசி நுனி வாற இடமே அந்தப் பங்குதான். அந்தளவு சுணங்கினால் சுவிங் செத்துப்போகும். புளூடூத் வேண்டாம், வயர் பாவியுங்கோ.

16.06.2025

நேற்று எழுதினது பாதி பிழை, திருத்திறன். ஸ்பீக்கரில வாற சத்தத்தைக் காதால கேட்டு, வாத்தியத்தை நேரே ஊதினால் சுணக்கம் உங்களைப் பாதிக்காது. எல்லாம் ஒரேயளவு பிந்தி வாறதால நீங்கள் கேக்கிறதோடதான் சேர்ந்து வாசிக்கிறியள். பிரச்சினை வாறது மூண்டு இடத்தில. திரையில நகருற நிறப் பெட்டியைப் பார்த்து வாசிச்சால் கண் முன்னுக்கும் காது பின்னுக்கும் நிக்கும். கீபோட்டின்ர சத்தமும் அதே புளூடூத் வழியாய்ப் போனால் விரல் அழுத்திக் கால் செக்கன் கழிச்சுத்தான் கேக்கும், வாசிக்கவே ஏலாது. ஒருவர் வயர் ஹெட்போனிலயும் மற்றவர் புளூடூத் ஸ்பீக்கரிலயும் கேட்டால் ஆளுக்கு ஒரு காலம்.

வேறொரு குழப்பமும் உண்டு. கன புளூடூத் ஸ்பீக்கர் சத்தம் இல்லாத நேரம் நித்திரைக்குப் போகும். எழும்பேக்க முதல் ஒண்டிரண்டு அடியை விழுங்கும். ஒரு பார் எண்ணிக்கையில “ரெண்டு, மூண்டு, நாலு” மட்டும் கேட்டால் காரணம் இதுதான். எண்ணிக்கையை ரெண்டு பார் ஆக்குங்கோ.

லப்ரொப்பில மிடி கீபோட் (சத்தத்தைக் கணினியிட்ட விடுற கீபோட்) வாசிக்கிறவைக்கு: விண்டோசின்ர வழமையான சவுண்ட் டிரைவர் சுணங்கும். ஏசியோ (சுணக்கம் குறைந்த) டிரைவர் போட்டு பஃபரை (ஒரு தடவையில சேர்த்து அனுப்புற சத்தத் துண்டின்ர அளவு) 128 அல்லது 256 சாம்பிள் ஆக்குங்கோ. 44.1 கிலோஹேர்ட்சில 128 எண்டால் 2.9 மில்லி செக்கன், 256 எண்டால் 5.8. அதுக்குக் கீழ போனால் படபட எண்டு வெடிக்கும், திரும்ப ஏத்துங்கோ.

22.06.2025

எப்பிடிப் பழகிறது எண்டதுதான் எனக்கு முக்கியம், கனபேர் செயலியை ஓடவிட்டு மேல ஊதிக்கொண்டே இருக்கினம். அப்பிடி ஆறு மாதம் ஊதினாலும் காலம் பிடிபடாது, செயலி உங்களுக்காகக் காலத்தைப் பிடிச்சு வைச்சிருக்கு.

செயலிக்குள்ள இருக்கிற மிக்சர் திரையைத் திறவுங்கோ. பியானோ, பேஸ், ட்றம்ஸ் எல்லாத்துக்கும் தனித்தனிச் சத்தம். ஒரு புளூஸ் எடுங்கோ, 12 பார், 120 ரெம்போ. ஒரு சுற்று 48 அடி, 24 செக்கன். முதல் நாலு சுற்று எல்லாம் கேக்கட்டும். அடுத்த நாலில பியானோவைப் பூச்சியமாக்குங்கோ. கோட் மாறுறதை இப்ப பேஸ் மட்டும்தான் சொல்லும். அதுக்கடுத்த நாலில பேஸையும் எடுங்கோ. ட்றம்ஸ் மட்டும். இப்ப கோட் மாறுறது உங்கட வரியிலேயே கேக்க வேணும். பார்த்துக்கொண்டு இருக்கிற ஆளுக்கு “இந்த இடத்தில நாலாம் கோட்டுக்குப் போயிட்டார்” எண்டு விளங்கினால் சரி. கடைசியில செயலியை நிப்பாட்டிட்டு மெற்றனோம் 60-இல வைச்சு, அந்தத் தட்டை ரெண்டாம் நாலாம் அடியாய்க் கேளுங்கோ. ரெம்போ அதே 120. ஒரு சுற்று முடிய எந்தத் தட்டிலயும் தடுமாறாமல் முதலாம் பாருக்கு வந்து சேருறியளோ எண்டு பாருங்கோ. முதல் கிழமை பெரும்பாலும் எட்டாம் பாருக்கும் பத்தாம் பாருக்கும் இடையில தட்டு முதலாம் மூண்டாம் அடிக்குத் திரும்பிப் போகும். அங்கதான் நீங்கள் அவசரப்படுறியள்.

பேஸ்காரர் பேஸை எடுத்திட்டு வாசிக்க வேணும், கீபோட் பியானோவை எடுத்திட்டு. ரெண்டு பேஸ் சேர்ந்து நடந்தால் அடியில ஒரே சேறு.

22.06.2025

விட்டுப்போனது: ரெம்போ தானே ஏறுற வசதி. 100-இல தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் 5 கூட்டினால் 140-க்கு ஒன்பது சுற்று, மொத்தம் மூண்டு நிமிடம் நாப்பது செக்கன் வரை. ஏறுறது தெரியாது. உடையிற ரெம்போவைக் குறிச்சு வைச்சு அடுத்த நாள் அதுக்கு 10 கீழ தொடங்குங்கோ. சுருதியையும் ஒவ்வொரு சுற்றுக்கும் நாலாம் சுரம் மேல தள்ள விடலாம்: சீ, எவ், பீ பிளாற், ஈ பிளாற் எண்டு 12 சுற்றில 12 சுருதியும் சுத்தி வரும். 120-இல நாலு நிமிடம் நாப்பத்தெட்டு செக்கன். நாளுக்கு ஒருக்கால் போதும், கூட வேண்டாம். சொண்டு களைச்ச பிறகு ஊதினால் பிழையான விரல்தான் பழகும்.

29.06.2025

இணையமும் செயலியும் இல்லாத காலத்திலயும் பின்னணியோட சேர்ந்து பழகிற வழி இருந்தது. ஏபர்சோல்ட் பிளே-அலோங் தொடர் 1967-இல தொடங்கி 133 தொகுதி வந்தது, புத்தகத்தோட இசைத்தட்டு. வாசிச்சது ஆக்கள். இடது பக்கம் பேஸ், வலது பக்கம் பியானோ, ட்றம்ஸ் ரெண்டிலயும். பேஸ்காரர் பலன்சை வலதுக்குத் திருப்பித் தன்னை எடுத்துவிடலாம், பியானோக்காரர் இடதுக்கு. இப்ப அந்தப் பதிவுகளைப் போனில போட்டு ஒற்றை ஸ்பீக்கரில கேக்கிறவைக்கு ரெண்டு பக்கமும் கலந்துபோகும். போனின்ர அணுகல் செற்றிங்ஸில இடது-வலது பலன்ஸ் இழுவை இருக்கு, அண்ட்ரொய்ட்டிலயும் ஐபோனிலயும். ஒரு ஓரத்துக்கு இழுத்தால் வேலை முடிஞ்சுது.

செயலியை விட அந்தப் பதிவில நான் கூட மதிக்கிறது ஒண்டு இருக்கு. அது வாசிச்சு வைச்சது, மாறாது, ஆனால் ட்றம்ஸ்காரர் மூச்சு விட்ட இடம் கேக்கும். பத்தாம் தரம் கேக்கேக்க அவர் எந்த இடத்தில தள்ளுறார் எண்டு உங்களுக்குத் தெரியும்.

06.07.2025

பாண்ட் இன் எ பொக்ஸ் வாங்கலாமோ எண்டு கேட்டவருக்கு. 1990-இல வந்த கணினி மென்பொருள், விண்டோசிலயும் மக்கிலயும் ஓடும். 2007-இல ரியல்ட்றக்ஸ் சேர்ந்தது: உண்மையான வாத்தியக்காரர் வாசிச்ச துண்டுகளைக் கோட்ஸுக்கு ஏத்தமாதிரி ஒட்டித் தரும். ஐரியலை விடச் சத்தம் உயிரோட இருக்கும். விலை அதிகம், வன்தட்டில இடமும் அதிகம், முழுத் தொகுப்பை வெளி வன்தட்டிலயே குடுக்கினம். எங்கட இணைய வேகத்தில தரவிறக்கத் தொடங்க முதல் அதை யோசியுங்கோ.

கோட்ஸை ரைப் பண்ணிற இடத்தில புள்ளிகளைக் கற்றுக்கொள்ளுங்கோ. கோட்டுக்குப் பின்னால ஒரு புள்ளி எண்டால் எல்லாரும் மௌனம். ரெண்டு புள்ளி எண்டால் ஒரு வெட்டுத் தட்டு. மூண்டு புள்ளி எண்டால் இழுத்து நிப்பாட்டும். பார் இலக்கத்தைச் சொடுக்கினால் ஏ, பீ எண்டு பாணி மாறும், மாறுறதுக்கு முந்தின பாரில ட்றம்ஸ் ஒரு உருட்டல் போடும். ஏஏபிஏ வடிவத்தில (எட்டெட்டுப் பாராய் நாலு பகுதி, மூண்டாவது வேறு மெட்டுள்ள பாலம்) பாலம் தொடங்கிற 17-இலயும் திரும்பி வாற 25-இலயும் இதைப் போட்டால் எங்க நிக்கிறம் எண்டு காதுக்குத் தெரியும். செய்து முடிச்சு வேவ் கோப்பாய் எடுத்துப் போனுக்கு மாத்துங்கோ. பழகிற இடத்துக்கு லப்ரொப் தூக்கத் தேவையில்லை.

வாங்கிறதா? வீட்டில லப்ரொப் இருந்து, சொந்தமாய்ப் பாட்டு எழுதிறவர் எண்டால் வாங்குங்கோ. பழகிறதுக்கு மட்டும் எண்டால் ஐரியல் போதும்.

13.07.2025

மெட்டும் கோட்ஸும் ஒரே தாளில வேணும் எண்டவைக்கு ஒரு வழி. ஐரியலில பாட்டை மியூசிக் எக்ஸ்எம்எல் (இசைத்தாளை மற்ற மென்பொருளுக்குக் கொண்டுபோற கோப்பு) ஆக வெளியே எடுங்கோ. மியூஸ்ஸ்கோரில திறவுங்கோ (இசைத்தாள் எழுதிற மென்பொருள், இலவசம், விண்டோஸ், மக், லினக்ஸ்). கோட்ஸ் பாருக்குப் பார் மேல வந்து நிக்கும், கீழ சாய்கோடு. அந்தச் சாய்கோட்டை அழிச்சுக் காதால பிடிச்ச மெட்டை எழுதுங்கோ. முதல்ல எல்லாத்தையும் உண்மைச் சுருதியில எழுதி முடியுங்கோ. பிறகு வாத்தியத்தை ரெனர் ஆக்கி, கொன்சேர்ட் பிச் (உண்மைச் சுருதி) பொத்தானை அணைச்சால் மெட்டும் கோட்ஸும் சேர்ந்து ரெனருக்கு ஏத்தமாதிரி ஏறும். பீடிஎவ். அடுத்தது அல்ரோ ஆக்கிப் பீடிஎவ். மூண்டு தாளுக்கும் ஒரு மூலம், பதினைஞ்சாம் பார் சண்டை முடிஞ்சுது.

கவனிக்க வேண்டியது: திரும்பல் குறியும் கோடாவும் (பாட்டின்ர முடிவுத் துண்டு) சரியாய் வந்திருக்கோ எண்டு விரலால தொட்டுத் தொட்டுப் பாருங்கோ. ரெனருக்கு மெட்டு எழுத்தில ஒரு ஸ்தாயியும் ஒரு ரோனும் ஏறும். கோட்ஸுக்கு ஸ்தாயி இல்லை, ஒரு ரோன்தான்.

கோட்ஸ் எழுதேக்க துல்லியமாய் எழுதுங்கோ. வெறும் ஜீ 7 எண்டால் செயலி தன்ர விருப்பத்துக்கு 9, 13 எண்ட மேலதிகச் சுரங்களைச் சேர்த்து வாசிக்கும். மைனருக்குப் போற இடத்தில நீங்கள் பிளாற் 9 ஊதேக்க அது அருகில நிண்டு உராயும். பிளாற் 9 வேணும் எண்டால் கோட்டிலயே எழுதுங்கோ.

20.07.2025

கர்நாடக சங்கீதம் படிச்சவை இங்க கனபேர். அவைக்கு ஒரு குறுக்கு வழி: ஆதிதாளம் 8 அட்சரம், 4/4 பார் ரெண்டு. 12 பார் புளூஸ் 6 ஆவர்த்தனம், 32 பார் பாட்டு 16 ஆவர்த்தனம், ஏஏபிஏயில ஒவ்வொரு எழுத்தும் 4 ஆவர்த்தனம். தாளம் போட்டுக்கொண்டே மெட்டைப் பாடினால் வடிவம் தொலையாது. திரையும் தேவையில்லை. சுவிங் எண்டது திஸ்ர நடை, ரெண்டாம் தட்டை விட்டிட்டு முதலும் மூண்டாவதும்.

21.07.2025

திஸ்ரம் எண்டது நடு ரெம்போவுக்கு மட்டும், 120 அக்கம்பக்கம். வேகம் ஏற ஏற அந்த நீளமும் குறுக்கமும் சமத்துக்கு வந்து, 250-க்கு மேல கிட்டத்தட்டச் சதுஸ்ரமாய்ப் போகும். மெதுவில எதிர்மாறு, குறுக்கம் இன்னும் குறுகும். வேகப் பாட்டைத் திஸ்ரத்தில இழுத்தால் நொண்டும். ஐரியலிலயும் மீடியம் சுவிங், அப் ரெம்போ சுவிங் எண்டு வேற வேற பாணி இருக்கு. 220-இல மீடியம் சுவிங்கை ஓடவிட்டிட்டுக் குறை சொல்லாதேங்கோ.

27.07.2025

ரப்லெற்றும் தாளும். 10.1 அங்குலத் திரையில ஏ4 தாள் அகலத்தில மூண்டில ரெண்டாய்ச் சுருங்கும். ஓர வெள்ளையை வெட்டினால் முக்கால் பங்கு வரும். கோட் எழுத்துக்குப் போதும், நிண்டுகொண்டு மெட்டு வாசிக்க ஐம்பது வயதுக் கண்ணுக்குக் காணாது. தாளை ஸ்கான் பண்ணேக்க 300 டீபிஐ, சாம்பல் நிறம். நிறத்தில எடுத்தால் கோப்பு வீங்கும், வெறும் கறுப்பு-வெள்ளையில எடுத்தால் பென்சில் குறிப்பு அழிஞ்சுபோகும். தாள் காட்டுற செயலி அண்ட்ரொய்ட்டுக்கு மொபைல்ஷீற்ஸ், ஐபாட்டுக்கு ஃபோர்ஸ்கோர். ரெண்டிலயும் அரைப் பக்கம் திருப்பிற வசதி இருக்கு: மேல் பாதி அடுத்த பக்கமாய் மாறும், கீழ் பாதி நிக்கும். காலால அழுத்திற புளூடூத் மிதி ரப்லெற்றுக்கு ஒரு கீபோட்டாய்த்தான் தெரியும், அம்புக்குறி அனுப்பும். அது இணைஞ்சிருக்கேக்க திரையில எழுத்துப் பலகை வராட்டிப் பயப்பிடாதேங்கோ.

ஐபாட்டுக்கு அப்பிள் சொல்லுற சுற்றுச்சூழல் எல்லை 35 பாகை. எங்கட சித்திரை வெயிலில நிழலே அதுக்குக் கிட்டப் போகும். வெயில் படுற கறுப்புத் தாங்கியில அரை மணித்தியாலம் வைச்சால் முதல்ல வெளிச்சம் தானே மங்கும், பிறகு அணைஞ்சுபோகும். கொட்டகைக்குள்ள வைக்க வேணும். விமானப் பயன்முறை, தன்னியக்கப் பூட்டு அணைப்பு, 10,000 மில்லி அம்பியர் மணி பவர் பாங்க். கரண்ட் போனால் ரப்லெற் நிக்காது, ஸ்பீக்கர் நிண்டிடும். சத்தம் இல்லாமல் திரை தன்பாட்டில ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு செற் கடதாசியும் கட்டாயம். பிளாஸ்ரிக் உறையில போட்டு, உடுப்புக் கிளிப் தாளுக்கு ரெண்டு. சோளகம் வீசேக்க ஒரு கிளிப் காணாது, மூலை கிளம்பி மெட்டின்ர ரெண்டாம் வரியை மூடும்.

03.08.2025

“ட்றம்ஸ்காரர் தேவையில்லை.” இதை இவ்வளவு நாளும் தொடாமல் விட்டன். மேடையில செயலியை ஓடவிட்டு வாசிக்கக் கூடாது எண்டது என்ர உறுதியான எண்ணம். செயலி ஆக்களைக் கேக்காது. பாடுறவர் நுழையச் சுணங்கினால் அது காத்திருக்காது, சோலோ உச்சத்துக்குப் போனால் அது எழும்பாது, அடங்கினால் அடங்காது. நாலு பேரும் ஆளையாள் பார்க்கிறதை விட்டிட்டுத் திரையைப் பார்ப்பியள். சபைக்கும் அது தெரியும்.

ட்றம்ஸ் இல்லாட்டி இல்லாமல் வாசியுங்கோ. பேஸ் நாலு அடியும் நடக்கட்டும், கீபோட் இடது கையைப் பேஸிட்ட விட்டிட்டு ரெண்டாம் நாலாம் அடியில குறுகலாய்த் தட்டட்டும். காலம் பிடிச்சு நிக்கும், பேஸ்காரருக்கும் முதுகு நிமிரும். பிரஷ் ரெண்டும் ஒரு ஸ்நெயரும் வைச்சிருக்கிற பிள்ளை ஊரில எங்கயும் இருக்கும், தேடுங்கோ. தவில் பழகின பிள்ளை எண்டால் இன்னும் நல்லம், கணக்கு ஏற்கெனவே கையில இருக்கு.

05.08.2025

மேலே எழுதினதில ஒரு விலக்கு. ஹோலில ஒத்திகை பார்க்கேக்க செயலியில ட்றம்ஸ் மட்டும் விட்டு, பியானோ பேஸ் ரெண்டையும் எடுத்து வாசிக்கிறது நல்ல பழக்கம். ரெண்டு சுற்று அப்பிடி, பிறகு ரெண்டு சுற்று செயலி இல்லாமல், திரும்ப ஓடவிட்டு ரெம்போ எங்க போயிருக்கு எண்டு ஒப்பிட்டுப் பாருங்கோ. நாலு பேருக்குள்ள ஆர் இழுக்கிறார், ஆர் தள்ளுறார் எண்டு வாதம் தேவையில்லை.

17.08.2025

செயலி ஏன் திடீரெண்டு கோடாவுக்குப் போகுது எண்டு கேட்டியள். ஐரியல் கோடாவுக்குப் போறது கடைசிச் சுற்றில மட்டும். சுற்று மூண்டு எண்டு இருந்தால் மூண்டாவதில போகும், நீங்கள் அப்பதான் சோலோ தொடங்கியிருப்பியள். பழகேக்க 20 எண்டு வையுங்கோ. கோடாவைத் தனியே பழக, அந்தப் பார்களை மட்டும் தெரிவு செய்து சுழல விடுங்கோ.

24.08.2025

தாள் குழம்புது எண்டு அல்ரோக்காரர் எழுதினது சரி. 13.07 குறிப்பில இதைச் சேர்த்திருக்க வேணும். ஒவ்வொரு தாளின்ரயும் வலது மேல் மூலையில நாலு விசயம் எழுதுங்கோ: எந்த வாத்தியம், உண்மைச் சுருதி என்ன, கோட்ஸ் எங்க இருந்து எடுத்தது, திருத்தின திகதி. “அல்ரோ, உண்மைச் சுருதி ஜீ மைனர் (5 கட்டை), ஐரியல், 24.08” எண்டமாதிரி. கோப்பின்ர பெயரிலயும் அதே நாலும். ஒரு பாரை ஒருவர் திருத்தினால் மூண்டு தாளையும் மியூஸ்ஸ்கோரில இருந்து திரும்ப எடுங்கோ. பழசை ரப்லெற்றில இருந்தும் பிளாஸ்ரிக் உறைக்குள்ள இருந்தும் அண்டைக்கே கழட்டுங்கோ.